மாஸ்டர் திட்டாத மாதங்கள்

அந்தத் தையல் கடைக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு அடையாளம் சொல்லித் தெருவில் யாரும் சிரமப்பட்டதில்லை. "நேரா போங்க, சத்தம் கேக்கும், அங்க நில்லுங்க" என்பார்கள். சத்தம் தையல் மெஷினுடையதல்ல, கட்டிங் மாஸ்டருடையது. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்றபடி எதையாவது திட்டிக்கொண்டிருப்பார். நூல் அறுந்தால் நூலை, இஸ்திரிப் பெட்டி சூடேறாவிட்டால் மின்சாரத்தை, அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை உள்ளிழுத்தால் அந்த வயிற்றை. ஆனால் அவர் வெட்டிய கோட்டு தோளில் உட்காருவதுபோல வேறு யார் வெட்டியும் உட்கார்ந்ததில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும். ஊர் அவர் வாயைச் சகித்துக்கொண்டது.

கடை கீழே, வீடு மேலே. இரண்டுக்கும் நடுவில் முனகுகிற ஒரு மரப்படி. மாஸ்டர் வெட்டுவார், அவருடைய தம்பி மெஷினில் தைப்பார், மாஸ்டரின் மனைவி மாடியில் தெருப்பக்க ஜன்னலருகே உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், பொத்தான் வைப்பாள், கோட்டுக்கு உள்துணி பிடித்துத் தைப்பாள். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். மாஸ்டர் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, வேறு வீட்டு வாசலை மிதித்ததில்லை. இப்படி இல்லை இல்லை என்று அடுக்கித்தான் அவரை நல்லவர் என்று சொல்ல முடியும். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மனைவியிடம் அவர் கேட்டதெல்லாம் வேலையைப் பற்றித்தான். "முடிஞ்சுதா?" என்பார். முடிந்திருந்தால் பேச்சு அதோடு முடிந்தது, முடியாவிட்டால் திட்டு தொடங்கும். அவளும் திட்டு எந்தப் பக்கமிருந்து விழும் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொள்ளப் பழகியிருந்தாள்.

அவர் வாலிபத்தில் ஒரு விபத்து நடந்து ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்த ரத்தத்தோடு வந்து சேர்ந்த கிருமி, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி ஈரலில் சத்தமில்லாமல் வெகுகாலம் இருந்துவிட்டது. ஹெபடைடிஸ் சி. கண்டுபிடித்தபோது ஈரல் இறுகித் தழும்பேறியிருந்தது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை.

"கிருமி சுத்தமா போயிடுச்சு. ஆனா ஈரல்ல தழும்பு அப்படியே இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வந்து பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

கணவனும் மனைவியும் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். மனிதக் காது அப்படித்தான். நல்ல செய்திக்குப் பின்னால் வருகிற "ஆனா"வை வாசலிலேயே நிறுத்திவிடும். தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். அந்த மிட்டாய் வெகுநேரம் வாயில் கரையவில்லை என்று மாஸ்டர் மிட்டாயையும் திட்டினார்.

இரண்டாவது பரிசோதனை முடிந்து சில மாதம் கழித்து மழைக்காலம் வந்தது. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையல்ல. காலையில் தொடங்கி, மத்தியானம் கொஞ்சம் யோசித்து, மாலையில் மறுபடி தூறுகிற மழை. கடைக்குள் ஈரத்துணி வாடையும் இஸ்திரி ஆவியும் கலந்து மிதந்தன. பழுப்புக் காகிதத்தில் வெட்டிய அளவு மாதிரிகள் ஆணிகளில் தொங்கி, காற்று வரும்போதெல்லாம் ஒன்றோடொன்று குசுகுசுத்தன. அப்படி ஒரு நாள் தம்பியின் மெஷினில் நூல் அறுந்தது. பழக்கதோஷத்தில் அவர் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அறுந்துடுச்சா?" என்றார் மாஸ்டர். "பரவால்ல. எவ்வளவு நேரமா ஓடுது, அதுக்கும் களைப்பா இருக்கும்ல."

தம்பி மெஷினை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார். பொத்தான் வைக்கக் கீழே வந்திருந்த அண்ணி ஊசியை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். மாஸ்டர் மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கடையில் சத்தம் அடங்கியது. வழி கேட்டு வந்தவர்கள் கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்கள். கிருமியோடு சேர்ந்து கோபமும் போய்விட்டது, இத்தனை நாளும் கத்தியது மாஸ்டரல்ல, கிருமிதான் என்று தெரு முடிவு கட்டியது. பக்கத்து வீட்டுக்காரி ரகசியமாக வந்து, "அந்த மாத்திரை பேர் என்னக்கா? எங்க வீட்டுக்காரருக்கு அந்த நோய் இல்ல, இருந்தாலும் குடுத்துப் பாக்கலாமேன்னு" என்றாள். வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டார்மா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"எனக்கும்தான் வருது" என்றாள் தாய். பொய் இல்லை.

இரவில் மாஸ்டருக்குத் தூக்கம் பிடிக்காது. புரண்டு புரண்டு படுப்பார். பகலில் தூக்கம் அவரைத் தேடி வந்து கண்ணில் உட்கார்ந்துவிடும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு மேலே போய், மனைவியின் ஜன்னலுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சோறு, பருப்பு, ஒரு முட்டை, உப்புக் குறைத்த காய். அந்தக் காய்க்கு முன்பெல்லாம் ஒரு தனி அர்ச்சனை நடக்கும். இப்போது, "வெந்திருக்கு" என்று பாராட்டினார். கொஞ்சம் தூங்குவார், கொஞ்சம் விழிப்பார், இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்று பேசுவார்.

"மழைக்குச் சட்டை தைக்கணும்னா அளவு எங்கேர்ந்து எடுக்கறது?" என்று ஒரு மத்தியானம் கேட்டார்.

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "தோள்லேர்ந்துதான். எல்லாத்துக்கும் தோள்தானே முதல்ல" என்றாள்.

"மழைக்குத் தோள் எது?"

"கூரைதான்."

"சரியாச் சொன்ன." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீளம்?"

"தரை வரைக்கும் வச்சா நனைஞ்சுடும். கொஞ்சம் தூக்கி வைங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பல் வரிசை அவ்வளவு அழகு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சிரிப்பு அடங்கியதும், "நீ கல்யாணத்துக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?" என்று கேட்டார்.

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"என்ன செய்வேன், வீட்டு வேலைதான்... அப்புறம் எனக்கு விசில் அடிக்கத் தெரியும்."

"விசிலா?"

"ரெண்டு விரலை வச்சு. எங்க தெருவுலயே நான்தான் பெரிசா அடிப்பேன். எங்கப்பா அடிக்கப் போறார்னு விட்டுட்டேன்."

"அடி பாப்போம்."

"சீ, சும்மா இருங்க. வயசு என்ன ஆச்சு."

"விசிலுக்கு என்ன வயசு? அடி."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். நாக்கை மடித்து இரண்டு விரலை வைத்து ஊதினாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே தம்பி, யாரோ வாடிக்கையாளர் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தெருவுக்கு ஓடிப்போய் மழையில் நின்றார். மாஸ்டர் கைதட்டினார். அவளுக்கு வெட்கம் வந்தது. அந்த வயதில் அவ்வளவு வெட்கம் மிச்சமிருந்தது அவளுக்கே ஆச்சரியம்தான். அதற்குப் பிறகு அவள் மத்தியானத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். சோற்றை முன்னதாகவே வடித்தாள். புருஷன் மேல் ஆசை வைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறதே என்று நமக்குத் தோன்றலாம். அவளுக்கு அதைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை, சந்தோஷமாக இருந்தாள்.

இந்தச் சந்தோஷத்தில் முதல் கீறல் ஒரு சட்டைக் கையில் விழுந்தது.

தம்பி படியேறி வந்து இரண்டு துணித் துண்டுகளை அவள் மடியில் போட்டார். "அண்ணி, பாருங்க. ரெண்டும் இடது கை."

கைக்கு ஒரே காகித மாதிரிதான். ஒரு தடவை போட்டு வெட்டி, அதையே புரட்டிப் போட்டு இன்னொன்று வெட்ட வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். தொழில் கற்க வந்தவன் முதல் வாரத்தில் செய்து தலையில் குட்டு வாங்குகிற தப்பு. மாஸ்டர் செய்கிற தப்பு அல்ல.

"துணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான இருக்கு. ஒண்ணைத் திருப்பி வச்சுத் தைச்சுடுங்க" என்றாள் அவள்.

"தைச்சுடலாம். அதுக்கில்ல அண்ணி..."

"மனுஷன்னா ஒரு தடவை தப்பு நடக்காதா? எவ்வளவு பெரிய நோய்லேருந்து எழுந்து வந்திருக்கார்."

தம்பி தலையைச் சொறிந்துகொண்டார். "அவர் என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எனக்குப் பயமா இருக்கு."

"திட்டு வாங்கிப் பழகின காது, அதான் அரிக்குது. போங்க, போய் வேலையைப் பாருங்க."

அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. காலர் இல்லாமல் ஒரு சட்டை வந்தது. கால்சட்டையின் ஒரு கால் குட்டையாக வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற துணியென்றால் திருப்பி வைத்தாள். இல்லையென்றால் மாஸ்டர் தூங்குகிற நேரத்தில் கீழே வந்து, மிச்சத் துணியில் தானே வெட்டிக் கொடுத்தாள். கத்தரி அவள் கைக்குப் பெரியது, கட்டைவிரல் கன்றிப்போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தினமும் ஒரு கீற்றாக நறுக்கி மறைத்தால் கொஞ்ச நாளுக்கு முடியும் என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

இதற்கு நடுவில் அடுத்த ஆறு மாதப் பரிசோதனை வந்தது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. மூக்கில் நழுவுகிற கண்ணாடியைப் புறங்கையால் தள்ளிவிட்டுக்கொண்டே பேசுவார். ஸ்கேன் பார்த்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று விலாவில் கருவியை வைத்துத் தட்டிப் பார்த்தாயிற்று.

"கிருமி போனதுக்கப்புறம் நிறைய பேருக்கு ஈரல் கொஞ்சம் கொஞ்சமா தேறிக்கும்" என்றார். "சில பேருக்குத் தேறாது, ஏற்கெனவே போன வழியிலயே போகும். வயித்துல தண்ணி கோத்துக்கும், ரத்தம் கக்கலாம், கட்டி வரலாம். யார் எந்தப் பக்கம் போவாங்கன்னு முன்கூட்டியே கணிக்கத்தான் இவ்வளவும் பாக்கறோம். ஆனா ரத்தமும் ஸ்கேனும் எனக்குப் பாதிதான் சொல்லும். மீதியை வீட்ல கூட இருக்கறவங்கதான் சொல்லணும். சார், தூக்கம் எப்படி இருக்கு?"

"தூக்கம் நல்ல தூக்கம்" என்றார் மாஸ்டர் கனிவாக.

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். "நைட்ல தூங்கறாரா? பகல்ல தூங்கி விழறாரா? பேச்சு, நடத்தையில ஏதாவது மாத்தம்? வேலையில தப்பு, மறதி?"

அவள் வாயைத் திறந்தாள். மழைக்குத் தோள் எது என்று கேட்ட முகம் அவள் பக்கத்தில் சாந்தமாக உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாத் தூங்கறார். முன்னைக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்கார்."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். கண்ணாடியைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். "அப்படின்னா சந்தோஷமா போயிட்டு வாங்க. என் கணக்குல சார் நல்ல பக்கம்தான் இருக்கார்."

வெளியே வந்து படியிறங்கும்போது மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில், நாலு பேர் பார்க்க. டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா, நல்ல பக்கம் என்று. அந்தக் கணக்கில் பாதி தன் வாயிலிருந்து போனது என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

பிறகுதான் மேஜிக்காரர் வந்தார். மேடையில் மாயாஜாலம் காட்டுகிறவர், ஒல்லியாக, நீண்ட விரல்களோடு. கக்கத்தில் ஒரு பொட்டலம். பிரித்தால் கருஞ்சிவப்பு வெல்வெட். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். ஒரு கோட்டுக்குத்தான் வரும், ஒரு முழம்கூட மிச்சம் வராது.

வெல்வெட் பூனை முதுகு மாதிரி. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் கை தடுக்கும். வெட்டுகிற எல்லாத் துண்டுக்கும் முடி ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று மேலும் இன்னொன்று கீழுமாக இருந்துவிட்டால் வெளிச்சத்தில் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

வெட்டிய துண்டுகளைத் தம்பி கையால் தடவிப் பார்த்தார். பேசாமல் அண்ணியின் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தார். முன்பக்கத்து இரண்டு துண்டுகளில் ஒன்று வழுக்கியது, ஒன்று தடுத்தது.

"வேற துணி கிடையாது அண்ணி."

"தைச்சுடுங்க. மேடை வெளிச்சத்துல யார் கவனிக்கப் போறாங்க."

"அண்ணி..."

"தைங்கன்னா தைங்க!" அந்தக் கடையில் அந்த மழைக்காலம் முழுவதும் யாராவது கத்தியது அப்போதுதான்.

போட்டுப் பார்க்க மேஜிக்காரர் வந்த அன்று தூறல் விட்டு, வெயில் கழுவினாற்போல் வந்திருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். தோள் அற்புதமாக உட்கார்ந்திருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மார்பில் இடது பாதி இருண்ட சிவப்பாகவும் வலது பாதி சாம்பல் பூத்த சிவப்பாகவும், இரண்டு ஆளைப் பிளந்து ஒட்டிய மாதிரி இருந்தது.

மேஜிக்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், திரும்பி நின்று பார்த்தார். "மாஸ்டர், மேஜிக் காட்டறது நானா நீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பழைய மாஸ்டராக இருந்தால் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் கூரை பறந்திருக்கும். வெட்டியவனை, தைத்தவனை, துணி நெய்தவனை, அவன் பாட்டனை எல்லாம் இழுத்திருப்பார். அவர் இப்போது மேஜைக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தார். விரலால் கோட்டின் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"அழகா இருக்குல்ல?" என்றார். "இந்தப் பக்கம் சாயங்காலம். இந்தப் பக்கம் காலை."

மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பி, ரகசியம் கேட்பது போல, "யாருக்குத் தைச்சது இது?" என்றார்.

கோட்டுக்குள் ஆள் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டரின் கண் அந்த ஆளைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, எங்கேயோ போயிருந்தது. அரை நூல் பிசகினால் உயிர் துடிக்கிற மனுஷன். அந்தத் துடிப்பைத்தான் அவர் என்று சொல்ல வேண்டும். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு சிரிப்பு மட்டும் இருந்தது. இத்தனை மத்தியானமும் தன்னைப் பார்த்துச் சிரித்ததும் இதே சிரிப்புதானா என்று நினைத்தாள். நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

மேஜிக்காரர் நல்ல மனிதர். கோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவருக்கு உடம்பு சரியில்ல போல. கோட்டு கிடக்கட்டும், அவரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்றார் தம்பி.

"ஆறு மாசம் இன்னும் ஆகலையே."

"அண்ணி, நீங்க அங்க ஒண்ணும் சொல்லலதானே?"

அவள் மேஜையிலிருந்த கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினாள். "சொன்னா இவரை எடுத்துக்குவாங்களே" என்றாள். "கட்டிக்கிட்டு வந்து இத்தனை காலத்துல என்கிட்ட மனுஷன் மாதிரி பேசினது இவர்தான். எனக்கு இவர் வேணும். தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லல." தம்பி தூங்குகிற அண்ணனைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. "இவர் இருக்கார் அண்ணி. எங்கண்ணன் எங்க?"

மறுநாள் காலையில் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் அவளே தொடங்கினாள். கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். நைட்ல தூங்கறதே இல்ல. பகல்ல எந்நேரமும் தூக்கம். ரெண்டு கையும் இடதா வெட்டறார். வெல்வெட்டுல முடி மாறிப்போச்சு, அவருக்கே தெரியல. எதிர்ல நிக்கறவரை யாருன்னு கேக்கறார்."

டாக்டரம்மாவுக்கு வெல்வெட் புரியவில்லை, மீதி புரிந்தது. திட்டவில்லை. எழுந்து வந்து மாஸ்டர் எதிரில் நின்றார். "சார், ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரி மணிக்கட்டை மேல தூக்கி, விரலை விரிச்சு, அப்படியே பிடிங்க."

மாஸ்டர் நீட்டினார். கத்தரி பிடித்துக் காய்த்த கைகள். கொஞ்ச நேரம் நின்றன. பிறகு திடீரென்று தொய்ந்து, உடனே நிமிர்ந்து, மறுபடி தொய்ந்தன. அவர் அதை வேடிக்கை பார்த்தார்.

"யாரையோ கூப்பிடுது" என்றார் சிரித்துக்கொண்டே.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வயித்துல சேர்ற கழிவை ஈரல்தான் வடிகட்டணும்மா" என்றார் டாக்டரம்மா. "தழும்பு விழுந்த ஈரல் அதைக் கோட்டை விட்டுடுது. அது ரத்தத்தோட மூளைக்குப் போகுது. அதனாலதான் இந்த மயக்கம், மறதி, இந்தச் சாந்தம் எல்லாம். மலச்சிக்கல் இருக்கா?"

"இருக்கு. கேட்டா அதுக்கும் சிரிப்பார்."

"விட்டிருந்தா ஒருநாள் எழுப்ப எழுப்ப எழுந்திருக்க மாட்டார். நல்லவேளை வந்தீங்க."

"அன்னைக்கு நல்ல பக்கம்னு சொன்னீங்களே..."

"அந்தக் கணக்கு தப்பு. இப்ப சார் நடுவுல நிக்கறார்." டாக்டரம்மா கண்ணாடியைத் தள்ளிவிட்டார். "உங்களுக்குப் பொய்யா தைரியம் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் போவார்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. கிருமி இல்லாததால ஈரல் தேறவும் வாய்ப்பு இருக்கு. ஒரு மருந்து தரேன், தினம் ரெண்டு மூணு தடவை வெளிக்குப் போகணும், அதுதான் அளவு. தெளிஞ்சுடுவார். ஆனா இது மறுபடி வரலாம். வந்தா முதல்ல தெரியறது எனக்கில்ல, உங்களுக்குத்தான்."

"அந்த மருந்தைக் குடிச்சா பழையபடி ஆயிடுவாரா?"

"ஆயிடுவார்."

"பழையபடியேவா?"

"அப்படியேதான்மா. கவலைப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. அவள் எதைக் கேட்டாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

மருந்து பாகு மாதிரி இனிப்பு. அது செய்த வேலையில் இனிப்பு இல்லை. மாஸ்டர் வெட்டு மேஜைக்கும் மாடிக்குமாக ஓடினார், மரப்படி ஓயாமல் முனகியது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஓடுகிற வழியில் ஒரு ஸ்டூல் காலில் தட்டியது. "எந்த முட்டாள்டா இதை இங்க வச்சது!"

தம்பி மெஷினிலிருந்து துள்ளி எழுந்தார். "அண்ணி! திட்டிட்டார்! அண்ணே திட்டிட்டார்!"

அடுத்த நாள் மாஸ்டர் ஆணியில் தொங்கிய வெல்வெட் கோட்டைப் பார்த்துவிட்டார். தெரு முழுக்கக் கேட்டது. கடன் வாங்கியவன் செத்துப்போனால்கூட யாரும் அப்படி அலறியிருக்க மாட்டார்கள். மேலே, படியின் தலைப்பில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. அவர் வந்துவிட்டார். இன்னொருவர் போய்விட்டார், சொல்லிக்கொள்ளாமல்.

"எவன்டா இதை வெட்டினது?"

"நீங்கதான்ண்ணே" என்றார் தம்பி.

அதன் பிறகு கீழே சத்தமே இல்லை. மாஸ்டர் அந்தக் கோட்டைத் தையல் தையலாகப் பிரித்தார். முடி ஒழுங்காக இருந்த துண்டுகளை எடுத்துச் சேர்த்து, முதுகுக்குப் பட்டுத்துணி வைத்து, கையில்லாத மேல்கோட்டாக மாற்றினார். மேஜிக்காரருக்கு, முதலில் கேட்ட கோட்டைவிட அது பிடித்துப்போனது வேறு விஷயம். வேலை முடிந்ததும் மாஸ்டர் மேலே வந்து மனைவி எதிரில் நின்றார். உட்காரவில்லை.

"தம்பி எல்லாம் சொன்னான். டாக்டர்கிட்ட ஏன் மறைச்ச? நான் செத்திருந்தா?"

அவள் காஜாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆசையா இருந்துச்சு."

"என்ன ஆசை?"

"நீங்க பேசினீங்க."

மாஸ்டருக்குக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் சரியா நெனப்பு இல்ல. தண்ணிக்கு அடியிலேர்ந்து பாத்த மாதிரி இருக்கு. என்ன பேசினேன்?"

"சும்மா ஏதோ."

"ஏதோன்னா?"

"விடுங்க." அதை அவள் அவருக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. அவளுடையதென்று இருந்தது அது ஒன்றுதான்.

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராது" என்றார், குற்றம் சாட்டுவது போல.

"தெரியும்."

வெயில் காலம் வந்தது, போனது. மருந்து தொடர்ந்தது. தினமும் காலையில் அவள் "கையை நீட்டுங்க" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே, வண்டியை நிறுத்தச் சொல்வது போல நீட்டுவார். அடுத்த பரிசோதனையில் ஈரல் சற்று இளகியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், இப்போதே எந்தப் பக்கமென்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். இந்தத் தடவை இருவரும் இரண்டு வாக்கியத்தையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் வழக்கம்போலத் திட்டினார். திட்டு விழுந்துகொண்டிருக்கிற வரைக்கும் அவளுக்கு நிம்மதி. உலகத்தில் வேறெந்தப் பெண்டாட்டிக்கும் இப்படி ஒரு தலையெழுத்து வாய்த்திருக்காது. சுள்ளென்று விழுந்தால் சுகமாகத் தூங்கினாள், காயைக் குறை சொல்லாமல் சாப்பிட்டால் கலங்கிப்போனாள்.

ஒரு சாயங்காலம் அவள் மேலே ஒரு கோட்டுக்கு உள்துணி பிடித்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். வெளிச்சம் குறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. மாஸ்டர் படியேறி வந்து, கொஞ்சநேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூலையிலிருந்த மேஜை விளக்கைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் வைத்துப் போட்டார்.

"கண்ணு கெட்டுடும்" என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்குப் பாத்துக்கலாம். எழுந்து வா, உனக்கும் டீ போட்டிருக்கேன்."

அவளுக்குத் திக்கென்றது. ஊசி விரலில் இறங்கியதுகூடத் தெரியவில்லை. கோட்டை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கையை நீட்டுங்க."

"காலைலதான பாத்த?"

"நீட்டுங்க."

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டி விரல்களை விரித்தார். விளக்கு வெளிச்சம் அந்தக் காய்ப்புகளின் மேல் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கமாகப் பார்க்கிற நேரம் தாண்டியும் பார்த்தாள். கீழே மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. அவர் கையை இறக்கவில்லை, திட்டவுமில்லை.

கை ஆடவில்லை.

அப்படியென்றால், இப்போது பேசியது அவர்தான்.